சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

மாவிலிக்குளம் காலனியில் முதன்முதலாகச் சொந்தக் குழாயில் தண்ணீர் வந்த அன்று எல்லோரும் அதைக் குடித்தார்கள். முத்துமீனா மட்டும் ஒரு பாட்டிலில் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. மோட்டாருக்கு மாலை போட்டுச் சூடம் கொளுத்தியிருந்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அவளுடைய அப்பா மருது, கறுப்புத் தொட்டிக்குக் கீழே இருந்த குழாயைத் திருகினார். முதலில் காற்றுத்தான் சீறியது. பிறகு செம்மண்ணாகக் கக்கியது. அதற்கப்புறம்தான் கண்ணாடி மாதிரிக் கொட்டியது. மருது இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, முகத்தில் வழிந்ததைத் துடைக்காமல் அப்படியே நின்றார். பதினோரு வருடமாக, எத்தனையோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுவோடு வரிசையில் நின்ற மனிதர். அதுவரைக்கும் காலனிப் பெண்கள் ஊருக்குள் இருக்கிற கடைசிக் குழாய்க்கு நடந்து போய், ஊர்க்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை குடங்களோடு ஒதுங்கி நிற்பார்கள். மனசு வந்தால் விடுவார்கள், இல்லையென்றால் "நேரமாச்சு" என்று குழாயை அடைத்துவிடுவார்கள். இனி அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

"நம்ம தண்ணிடா" என்றார் மருது.

முத்துமீனா பாட்டிலில் பிடித்தது சந்தேகத்தால் இல்லை, பழக்கத்தால். வேதியியல் படித்துவிட்டு நகரத்தில் காளவாசல் பக்கம் ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவாள். திருப்பரங்குன்றம் தாண்டி மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வந்தாலும் பேச்சு அதிகம் இருக்காது. எதையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்களின் பேச்சு அடுத்த சங்கதிக்குப் போயிருக்கும். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு பயப்படுறா" என்பாள் அம்மா ராமக்காள்.

கூடத்தில் அவள் பேர் வேறு மாதிரி. கண்ணாடிக் குடுவையின் அடியில் மயிரிழை அளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மற்றவர்கள் செய்த கணக்கில் எங்கேயாவது புள்ளி இடம் மாறியிருந்தால் அவளுக்கு உட்கார முடியாது. போன வருடம் முதலாளி யாரோ ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்து எல்லோருக்கும் குணப் பரிசோதனை வைத்தார். அறுபது கேள்வி. பக்கத்து மேஜைக்காரி ஆஷிகா இவளுடைய தாளைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"ஆராயும் மனம். உள்ளொடுங்கிய இயல்பு. பலம்: நுணுக்கம், பொறுமை, ஆதாரமில்லாமல் பேசாமை. பலவீனம்: முடிவெடுக்கத் தாமதம், கூட்டத்தில் பேசத் தயக்கம், உணர்ச்சியை வெளிக்காட்டாமை. யா அல்லாஹ், இதுக்கு அறுபது கேள்வியா? என்னைக் கேட்டிருந்தா ஒரு டீக்குச் சொல்லியிருப்பேன்."

"பதினாலாவது கேள்வியும் முப்பத்தொண்ணாவது கேள்வியும் ஒண்ணுதான். ரெண்டு தடவை கேட்டிருக்காங்க" என்றாள் முத்துமீனா. ஆஷிகா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தெற்குவாசலில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில் வளர்ந்தவள் அவள். அவளோடு சேர்ந்திருந்தால் தான் பேச வேண்டியதில்லை என்பதாலேயே முத்துமீனாவுக்கு அவளைப் பிடிக்கும்.

திங்கட்கிழமை, வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஊர்ப் பாட்டிலைத் திறந்து வழக்கமான சோதனைகளைச் செய்தாள். உப்பு சரி. கிருமி இல்லை. நைட்ரேட்டுக்கு வந்தபோது இயந்திரம் நூற்றி எண்பத்திரண்டு என்று காட்டியது. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கக் கூடாது.

குடுவை சரியாகக் கழுவவில்லையோ என்று நினைத்தாள். கழுவினாள். திரும்பவும் பார்த்தாள். நூற்றி எண்பது. மறுபடியும். நூற்றி எண்பத்து மூன்று.

"வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லுடி" என்றாள் ஆஷிகா.

"ஒரே ஒரு பாட்டில்தான் பாத்திருக்கேன். அதுவும் மொத நாள் தண்ணி. எதையும் இப்பவே சொல்ல முடியாது."

"பின்ன எப்பச் சொல்லுவ?"

"இன்னும் நாலு தடவையாச்சும் பாத்துட்டு."

அந்த நாலு தடவை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. ஒவ்வொரு வாரமும் காலையில் ஒரு பாட்டில், சாயங்காலம் ஒரு பாட்டில். காலனியைச் சுற்றி நடந்து ஒரு படம் வரைந்தாள். ஊரின் சாக்கடை வந்து சேர்கிற ஓடை ஆழ்துளைப் போரிலிருந்து எத்தனை எட்டு, வாழைத் தோட்டத்துக்கு எப்போது யூரியா போடுகிறார்கள், எந்தெந்த வீட்டுக் கக்கூஸ் குழி எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் குறித்தாள். பிள்ளை எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறது என்று ராமக்காள் நினைத்துக்கொண்டாள். அளவு குறையவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு பக்கம் பயம் கூடியது. இன்னொரு பக்கம், சொல்ல வெட்கம், தன் கணக்குச் சரியாக இருந்ததில் ஒரு சின்ன நிறைவும் இருந்தது.

அப்பாவிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தாள். மாலையில் குழாயடியில் நின்று, பெண்கள் சண்டையில்லாமல் தண்ணீர் பிடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்ததும், முழுசாகத் தெரியாமல் அந்த முகத்தில் கை வைக்கக் கூடாது, எல்லாம் உறுதியான பிறகு ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவாள்.

நாலாவது வாரம், தம்பி பாண்டிராஜின் மனைவி சீனியம்மாள், பிரசவத்துக்குப் போயிருந்த தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு திரும்பி வந்தாள். பெண் குழந்தை. முத்துமீனா கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தாள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தத் தண்ணீரால் ஆபத்தில்லை என்பது அவளுக்குத் தெரியும். தாய்ப்பால் போதவில்லை என்று புட்டிப்பால் ஆரம்பித்திருந்தது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அறிக்கை நாலு பக்கம் வந்தது. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயிலுக்கு எதிரே இருக்கிற நாடக மேடையில் ஆட்களைக் கூட்டித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்டாள். மகள் பொதுவில் ஏதோ பேசப் போகிறாள் என்றதும் மருது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தண்ணீரைப் புகழப் போகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

முத்துமீனா தாளைப் பார்த்து வாசித்தாள். குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு தாயி" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"நைட்ரேட்டுன்னு ஒரு உப்பு. அது நம்ம தண்ணியில கூடுதலா இருக்கு."

"எம்புட்டு இருக்கணும்?" என்று கேட்டான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அழகுபாண்டி.

"நாப்பத்தஞ்சு."

"நமக்கு எம்புட்டு?"

"நூத்தி எம்பத்திரெண்டு."

"அக்கா, அப்ப நம்ம பாஸ் மார்க்குக்கு மேல எடுத்திருக்கோம்!"

மேடை முழுக்கச் சிரிப்பு. அவன் கெட்டவன் இல்லை, சும்மா சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பில் முத்துமீனா எந்த வரியில் விட்டோம் என்பதைத் தொலைத்தாள். தாளில் விரலை வைத்துத் தேடினாள். பெயிண்டர் விருமாண்டி எழுந்து நின்றார். மருதுவோடு மனு எழுதி அலைந்தவர்களில் ஒருவர்.

"மருமகளே, சுத்தி வளைக்காமச் சொல்லு. இந்தத் தண்ணியக் குடிச்சா ஆளு சாகுமா, சாகாதா?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் இருந்தது. ஆஷிகாவாக இருந்தால் "கைப்பிள்ள செத்துப்போகும் மாமா" என்று கத்தியிருப்பாள். அது அவ்வளவு துல்லியமான பதிலாக இருக்காது, அவ்வளவுதான். முத்துமீனாவின் மனம், பெரியவர்கள் வேறு, குழந்தைகள் வேறு, நாள்கணக்கு வேறு, அளவு வேறு என்று பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தது.

"குடிச்ச எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல முடியாது மாமா" என்றாள். "பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் தெரியாது. ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல்."

"வாய்ப்புன்னா?"

"நடக்கலாம். நடக்காமயும் போகலாம்."

"மழையும் அப்படித்தான், வந்தாலும் வரும்" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

பெண்கள் பக்கத்திலிருந்து முருகம்மாள், "அதுக்கென்ன, இனிமே காச்சிக் குடிச்சாப் போச்சு" என்றாள். "ஆமா, நல்லாக் கொதிக்க வச்சிட்டா எந்த விஷமும் நிக்காது" என்று இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவர்களுக்கு நடுவில் மடியில் பிள்ளையோடு சீனியம்மாளும் தலையாட்டினாள்.

முத்துமீனா வாயைத் திறந்தாள். காய்ச்சினால் உப்பு போகாது, தண்ணீர்தான் ஆவியாகும், மிஞ்சுகிற தண்ணீரில் உப்பு இன்னும் கூடும். மூன்றாம் பக்கத்தில் இரண்டாவது பத்தி. அவள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் விருமாண்டி மருதுவின் பக்கம் திரும்பிவிட்டார்.

"மச்சான், இது ஊருக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும் தெரியும்ல? 'கேட்டு வாங்குனீகளே, குடிங்க'ன்னு சிரிப்பான். மறுபடியும் குடத்தத் தூக்கிக்கிட்டு அவன் வாசல்ல போய் நிக்கணும். அதுவும் மருது மகளே சொல்லிட்டான்னு பேராகும்."

மருது எழுந்தார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போதும் தாயி. வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் தாளை மடித்தாள். சொல்ல வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. கூட்டம் எழுந்து துண்டை உதறிக்கொண்டு கலைந்தது. மூன்றாம் பக்கத்தை யாராவது படிக்கட்டும் என்று அன்றைக்கே காலனியின் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு பக்கத்தையும் போட்டாள். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மறுநாள் காலையில் ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டார். அறிக்கை மேலே ஏறிக் காணாமல் போனது.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போகவில்லை. கூட்டம் நடந்து பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சீனியம்மாள் குடும்பக் குரூப்பில் குழந்தையின் படம் ஒன்றைப் போட்டிருந்தாள். மஞ்சள் சட்டை, நெற்றியில் பெரிய மைப்பொட்டு. "அப்பனைப் போல மாநிறம்" என்று பாண்டிராஜ் லோடு வண்டி ஓட்டுகிற இடத்திலிருந்து எழுதியிருந்தான். தூத்துக்குடிக்குப் போயிருந்தான்.

முத்துமீனா படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். உதட்டைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் தான் எடுத்த படத்தைத் தேடி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் வேறு, போன் வேறு, அதெல்லாம் கழித்தாலும் அது மாநிறம் இல்லை. நாவல் பழம் தின்ற வாய் மாதிரி, சாம்பலும் நீலமுமாக இருந்தது.

உடனே சீனியம்மாளைப் போனில் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க மதினி. அதிசயமா நீங்களே போன் போட்டிருக்கீக?"

"பிள்ளை எப்படி இருக்கா?"

"ரெண்டு நாளா ஒரு மாதிரி சொணங்கிப் போய்க் கெடக்கா. மூச்சு லேசா வாங்குது. சளி கட்டியிருக்கும், சாயந்தரம் காட்டலாம்னு அத்த சொன்னாக."

"என்ன பால் குடுக்குற சீனி?"

"எங்கிட்டத்தான் பால் இல்லையே மதினி. பவுடர் பால்தான், வந்ததுலருந்தே."

முத்துமீனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எந்தத் தண்ணியில கரைக்கிற?"

"நம்ம குழாத் தண்ணிதான். நீங்க பயப்படாதீக, அன்னிக்கு மேடையில நீங்க சொன்னதுலருந்து சும்மா காச்சுறது இல்ல. அரை மணி நேரம், சட்டி பாதியாச் சுண்டுற வரைக்கும் நல்லாக் கொதிக்க வச்சுத்தான் கரைக்கிறேன்."

பாதியாகச் சுண்டினால் இரண்டு மடங்கு. நூற்றி எண்பத்திரண்டின் இரண்டு மடங்கு. அவள் மனம் அந்த நேரத்திலும் பெருக்கிக் காட்டியது. தான் மேடை ஏறாமலே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பாதி விஷம்தான் போயிருக்கும்.

"சீனி, அந்தப் பாலைக் கீழ ஊத்து. பிள்ளையத் தூக்கு. அழகுபாண்டி ஆட்டோவில ஏறி இப்பவே திருப்பரங்குன்றம் ஆஸ்பத்திரிக்கு வா. அம்மாகிட்டக் கேட்டுக்கிட்டு நிக்காத. கிளம்பு!"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கத்தி அவர்கள் கேட்டதில்லை. ஆஷிகா எதுவும் கேட்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள்.

காளவாசல் சிக்னலில் ஆட்டோ அசையவில்லை. முன்னால் ஒரு டவுன் பஸ்ஸும் கரும்பு லாரியும் மாட்டிக்கொண்டு நின்றன. ஆஷிகா தலையை வெளியே நீட்டி, "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்கண்ணே, கைப்பிள்ள விஷயம்ணே!" என்று முன்னால் நிற்கிறவர்களையெல்லாம் கெஞ்சியும் திட்டியும் நகர்த்தினாள். முத்துமீனா பையிலிருந்த தாளை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டே இருந்தாள். வயது, எடை, எத்தனை நாள், நாளைக்கு எத்தனை புட்டி, தண்ணீரின் அளவு. அதற்குக் கீழே, நைட்ரேட்டால் கைப்பிள்ளைகள் நீலமாகிற நோயின் பெயர்.

திருப்பரங்குன்றத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே ராமக்காளின் அழுகை கேட்டது. உள்ளே குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹார்ட்டா இருக்கும்னு தோணுது. ஆக்ஸிஜன் குடுத்தும் கலர் மாறலையே" என்று நர்ஸிடம் சொன்னார்.

முத்துமீனா அவருக்கு இரண்டடி பின்னால் நின்றாள். சொல்ல வேண்டியது முழுசும் வரிசையாக மனசில் இருந்தது. டாக்டர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் முடித்ததும் நர்ஸ் பேசினாள். நர்ஸ் முடித்ததும் ராமக்காள் பேசினாள். முத்துமீனா தாளை நீட்டினாள். "அங்க வைங்கம்மா" என்று நர்ஸ் மேஜையைக் காட்டினாள். மேஜையில் வைத்தாள்.

ஆஷிகா அதைப் பார்த்தாள். ஒரே எட்டில் தாளை எடுத்து டாக்டரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"டாக்டர், இதப் படிங்க! படிச்சுட்டு எங்களைத் திட்டுங்க, பரவாயில்ல. மொதல்ல படிங்க!"

டாக்டர் எரிச்சலோடு படிக்க ஆரம்பித்தார். பாதியில் அவர் முகம் மாறியது. "இத எழுதுனது யாரு?"

முத்துமீனா கையை உயர்த்தினாள், வகுப்பில் உயர்த்துகிற மாதிரி.

அதற்கப்புறம் அவர் கேள்வி கேட்டார், அவள் பதில் சொன்னாள். கேட்டால் அவளுக்குச் சொல்ல வரும். எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. குழந்தையின் ரத்தம் கொஞ்சம் எடுத்துக் காட்டியபோது அது சிவப்பாக இல்லை, கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. காற்றில் வைத்தும் சிவக்கவில்லை. "நீங்க சொல்றதுதான்" என்றார் டாக்டர். அதற்கான மருந்து அங்கே இல்லை. நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே பேசி ஏற்பாடு செய்து ஆம்புலன்ஸில் அனுப்பினார். இவள் எழுதிய தாளையும் கூடவே கொடுத்துவிட்டார்.

ஆம்புலன்ஸில் குழந்தைக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. சீனியம்மாள் முத்துமீனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடி இறுகியபோது முத்துமீனா ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தாள். சரியாகிவிடும் என்று சொல்ல அவளிடம் ஆதாரம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நீல நிறத்தில் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். நீலமாகிப்போன பிள்ளைக்கு நீல மருந்து. முக்கால் மணி நேரத்தில் உதட்டில் ரத்த நிறம் மெல்ல ஊறி வந்தது. குழந்தை அழுதது. ராமக்காள் தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள்.

"உயிருக்குப் பயமில்ல" என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். "ஆனா வலிப்பு வந்திருக்கு. மூளைக்கு எம்புட்டு நேரம் ஆக்ஸிஜன் குறைஞ்சதுன்னு நமக்குத் தெரியாது. பார்வை, கேட்கிறது, தலை நிக்கிறது எல்லாம் மாசாமாசம் காட்டி வளர வளரத்தான் சொல்ல முடியும்."

"இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று முத்துமீனா கேட்டாள்.

"நடக்கலாம், நடக்காமயும் போகலாம்மா."

வராந்தாவில் ராமக்காள் மூக்கைச் சிந்திவிட்டு மகளைப் பார்த்தாள். "ஏ புள்ள, இம்புட்டுத் தெரிஞ்சு வச்சிருக்க. டாக்டருக்கே தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கு. இத எங்களுக்கு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனேம்மா. மேடையில."

"நீ என்னமோ மார்க்குல்ல சொன்ன?"

சாயங்காலம் பாண்டிராஜ் வந்து சேர்ந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவின் முன்னால் வந்து நின்றான். அடித்தால் நன்றாக இருக்கும் என்று முத்துமீனாவுக்குத் தோன்றியது. அவன் அடிக்கவில்லை. "எப்பக்கா மொதமொதத் தெரியும் உனக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அவளால் பொய் சொல்ல முடியாது. "தண்ணி வந்த மறுநா."

அவன் மனசுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சீனியம்மாளிடம் போய் உட்கார்ந்துகொண்டான். மருது இவை எதிலும் சேராமல், படிக்கட்டில், வருவோர் போவோர் காலில் மிதிபடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். முத்துமீனா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. இந்தச் சுபாவம் யாரிடமிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனு எழுதத் தெரிந்த அந்த மனிதருக்கும் எழுதாமல் பேச வராது.

அடுத்த வாரம் மருது தானே போய்க் குழாயை அடைத்தார். ஒன்றரை நாள்தான் அடைபட்டிருந்தது. ஊர்க் குழாய்க்குப் போன பெண்களை, "உங்களுக்குத்தான் தனியா இருக்குல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடத்தை வெறுமனே கொண்டுவந்து மருதுவின் வாசலில் கவிழ்த்து வைத்தார்கள். விருமாண்டி குழாயைத் திறந்துவிட்டார். "பவுடர் பால் ஒத்துக்கலை மச்சான், அதான் விஷயம்" என்றார். "எத்தன பேரு குடிக்கிறோம், ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சா?" அதற்கான பதில் முத்துமீனாவிடம் இருந்தது, நாலு பக்கத்தில்.

வேறு இடத்தில் போர் போட வேண்டும் என்று அவள் மனு எழுதினாள். அப்பாவின் மனுக்களைவிட நன்றாகவே எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பாண்டிராஜ் குழந்தையோடு மாமனார் ஊருக்கே போய்விட்டான். சீனியம்மாள் எப்போதாவது படம் அனுப்புவாள். முத்துமீனா படத்தைப் பெரிதாக்கி, கண் ஒரே பக்கம் பார்க்கிறதா, கை விரல் மடங்கியே இருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

காலனியில் அப்போது மாசமாக இருந்தவர்கள் நாலு பேர். அவளுக்கு அந்த எண்ணிக்கையும் தெரிந்திருந்தது. மேடையெல்லாம் வேண்டாம், வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்வது என்று முடிவு செய்தாள். "பிறக்கப் போற பிள்ளைக்கு இந்தத் தண்ணியக் குடுக்காதீங்க, காச்சினா இன்னும் மோசம்." ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். ஆஷிகாவிடமும் சொல்லிக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல்லு" என்றாள் ஆஷிகா. "நானும் வரவா?" என்று கேட்டதற்கு முத்துமீனா வேண்டாம் என்றுவிட்டாள். வெளியாள் வந்து தண்ணீரைக் குறை சொன்னால் காலனி இன்னும் முறுக்கிக்கொள்ளும்.

முதல் வீடு முருகம்மாளுடையது. மருமகளுக்கு ஏழு மாதம். மெலிந்த, சிரித்த முகமுள்ள பெண். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க மதினி. வெயில்ல வந்திருக்கீக."

முத்துமீனா வாக்கியத்தை ஆரம்பிக்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் செம்பு. நிறையத் தண்ணீர். பானைத் தண்ணீர், செம்பின் வெளியே வியர்த்திருந்தது. இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாங்காமல் இருப்பது எப்படி என்று முத்துமீனாவுக்குத் தெரியவில்லை. இந்தக் காலனி வீடுகளில் தண்ணீரை வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லோரும் எந்தச் சாதிக்காரர்கள் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார்கள், கணக்கெடுக்க வந்தவர்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள். "இப்பத்தான் குடிச்சேன்" என்று அவர்கள் சொல்கிற தொனி அவள் பிறந்ததிலிருந்து கேட்டது. காளவாசலில் சம்பாதிக்கிற மருது மகளும் அப்படித்தான் சொல்கிறாள் என்று ஆகிவிடும். தன் வயதுக்காரிக்கு ஒரு செம்பால் ஒன்றும் ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். அது உண்மை. அந்த உண்மை இப்போது அவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

செம்பை வாங்கினாள். அண்ணாந்து குடித்தாள். ருசியான தண்ணீர். எப்போதுமே அது ருசியாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் வெற்றுச் செம்பை வாங்கிக்கொண்டு சிரித்தாள். அடுப்படியில் இருந்த மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அத்த, பாத்தீகளா? தண்ணி சரியில்லைன்னு சொன்ன மதினியே ஒரு செம்பு முழுசும் குடிச்சுட்டாக. சும்மா பயந்தோம்."

"நான் குடிக்கலாம்" என்றாள் முத்துமீனா. "அது வேற. எனக்கு ஒண்ணும் ஆகாது. பெரியவங்களுக்கு..."

"எங்களுக்கும் ஒண்ணும் ஆகலையே மதினி" என்றாள் அந்தப் பெண், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்கிற மாதிரி. முருகம்மாள் வெளியே வந்து, டீ போடட்டுமா, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பேச்சை எடுத்துக்கொண்டாள். மருமகளின் சீமந்தம், யார் யாரைக் கூப்பிடுவது, மண்டபம் வேண்டுமா வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. முத்துமீனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்தப் பேச்சு எங்கேயாவது ஒரு இடத்தில் நிற்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.